நாலு மஞ்சள் டப்பா

பிப்ரவரி பத்து, சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு அம்மாவும் நானும் தாசரஹள்ளி வீட்டு மொட்டைமாடியில் டிரம் தண்ணீரை மாற்றினோம். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

பாதியாக அறுத்த நீல டிரம். அதற்குள் இரண்டு கான்கிரீட் கட்டைகள். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் பாதி உயரத்துக்கு வார்த்தவை. ஒன்று இருபத்துநாலு கிலோ. ஒவ்வொன்றின் தலையிலும் எட்டு ஒயரிங் பைப் துண்டுகள், நாலா பக்கமும் விரிந்து நிற்கும். ஏரியில் இறக்கினால் அவற்றில் பாசி பிடிக்கும். பாசியைத் தேடிப் புழுபூச்சி வரும், அதைத் தேடிக் குஞ்சு மீன், குஞ்சைத் தேடிப் பெரிய மீன். அம்மா இவற்றை மீன் வீடு என்று சொன்னாள்.

அழுகிப்போன வாழைமட்டைத் துண்டுகளை அவள் கையால் வாரி வெளியே போட்டாள். நான் தண்ணீரை மொண்டு கொட்டினேன். கடைசிச் சொம்புத் தண்ணீரை அவள் நிறுத்தி வைத்துக்கொண்டாள். இரண்டு விரல்களை அதில் நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தாள்.

“வழுக்குது.”

நான் பி.எச். தாளை நனைத்து நிறத்தைப் பார்த்தேன். ஒன்பதரை.

“உன் காகிதம் இன்னா சொல்லுது?”

“வழுக்குதுன்னு சொல்லுது.”

“அதுக்கு ஒரு காகிதம், அதுக்கு ஒரு படிப்பு” என்று சிரித்தாள். “இன்னும் ரெண்டு தண்ணி மாத்தணும்.”

புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சோப்பு போட்டது போல ஆகும். மீன் கிட்டே வராது. வாழைமட்டையோடு ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால் காரம் இறங்கும். அவள் விரலும் என் தாளும் ஒரு தடவைகூட வேறு வேறு பதில் சொன்னதில்லை.

புதுத் தண்ணீர் விட்டோம். புது மட்டைத் துண்டுகள் போட்டோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “புதன்கிழம ஏரிக்குப் போயி டப்பா கட்டிட்டு, அப்படியே சேஷகிரி வூட்டுக்கும் போயி சொல்லிட்டு வந்துடணும். மார்ச் ரெண்டாந்தேதி வலை போடறாரு.”

“போன்ல சொல்லேன்.”

“நேர்ல வந்து சொல்றேன்னு வாக்குக் குடுத்துக்கீறேன். போன்ல சொன்னா நல்லாருக்காது.”

செவ்வாய்க்கிழமை காலை அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வயது ஐம்பத்தெட்டு.

அவள் பெயர் காந்தா. ஒக்கலிபுரத்தில், ரயில்வே சுவரை ஒட்டிய சந்தில் பிறந்தவள். ஏழாவதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் பீன்யாவில் ஒரு சிமெண்ட் சாமான் யார்டில் வார்ப்பு வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னலுக்கு வைக்கும் ஓட்டை போட்ட ஜாலி, வேலிக் கம்பம், கிணற்று உறை, சாக்கடை மூடி. முப்பத்தேழு வருடம் அதையே செய்தாள்.

யார்டில் வார்க்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. ஈரம் காய்வதற்குள் ஓர் ஓரத்தில் ஆணியால் கீறி வைப்பார்கள். எங்காவது ஒரு கம்பம் விரிசல் விட்டால் யார் வார்த்தது என்று தெரிவதற்காக. அம்மாவின் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. அவள் வார்த்தது விரிசல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது உறுதி இல்லை, வழவழப்பு. அச்சைக் கழற்றினால் அவள் ஜாலியின் பரப்பில் ஒரு புள்ளி, ஓர் ஊசித்துளை இருக்காது. தடவிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி மாதிரி இருக்குதா இல்லியா?” என்று கேட்பாள்.

நான் அவள் மகள், ஷோபா. சிவில் டிப்ளமோ படித்தேன். ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனி ஒன்றில் தரச்சோதனை வேலை. வேலைக்காக ஈஜிபுராவில் தங்கியிருக்கிறேன். சனி ஞாயிறு தாசரஹள்ளி. கட்டடங்களுக்குப் போகும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துச் சிறு கட்டிகளாக வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் மெஷினில் வைத்து நசுக்கி, எத்தனை பாரத்தில் உடைந்தது என்று எழுதுவேன். ஒருமுறை அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன். கட்டி பட்டென்று பிளந்ததும் அவள் முகம் சுருங்கியது.

“நல்லாத்தான இருந்துச்சி? அத ஏன்டி ஒடச்ச?”

“ஒடச்சாதாம்மா பலம் தெரியும்.”

“யாரு பெத்த புள்ளையோ” என்றாள். பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

அப்பா உத்தமன். பீன்யாவிலேயே லேத் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் அவர் மெஷினுக்கு. ஞாயிறு மட்டும் தூண்டிலுக்கு. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் மாவினகெரே ஏரி. இருபத்தேழு வருடம் அங்கே போனார். அம்மா ஒருநாளும் கூடப் போனதில்லை. ஏரித் தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. அதில் பிடித்த மீனை ஒரு துண்டுகூடத் தின்னமாட்டாள். “கம்பெனி சாக்கடை எல்லாம் அங்கதான் வுடறான், அந்த மீனத் துன்னா எனக்கும் துருப் புடிக்கும்” என்பாள். அப்பா வெறுங்கையோடு வந்தால் தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். “இன்னிக்கி மீனுங்களுக்கு ராகி உருண்ட குடுத்து அனுப்பிச்சிட்டியா? சாப்ட்டுச்சிங்களா எல்லாம்?” அப்பா தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சாப்ட்டுச்சி. கொழம்புல உப்புக் கம்மின்னு சொல்லுச்சி” என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வந்தது, ஆனால் நாக்கு இழுத்தது. நாலாம் மாதம் தெருமுனைக் கடைக்குத் தானே போனார். பீடிக்கட்டு கேட்டார். கடையில் புது ஆள். “இன்னா பெருசு, காலையிலேயே ஊத்திக்கினியா?” என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பி வந்து கட்டிலில் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்தார். அதற்குப் பிறகு வெளியாட்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடமும் பேசவில்லை. அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

அவர் மறுக்காமல் போன ஒரே இடம் ஏரி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவே ஆட்டோ வைத்து அழைத்துப்போனாள். முன்பு அப்பா உட்காரும் இடம் எதிர்க்கரையில், பாறைகளுக்கு நடுவே. இப்போது அங்கே ஏற முடியாது. இந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தது. மூன்றாம் படியில் உட்கார்ந்து இடது கையால் தூண்டில் போட்டார்.

படிக்கட்டுப் பக்கம் மீன் இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் ஏரியைத் தூர் வாரிச் சுத்தம் செய்திருந்தார்கள். கோரை, அடிமரம், கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கரையைச் சட்டி மாதிரி வழித்து வைத்திருந்தார்கள். மீன் ஒதுங்க ஒன்றுமில்லை. அப்பா பதினோரு ஞாயிறு உட்கார்ந்தார். மிதவை ஒருதடவைகூட அசையவில்லை. பன்னிரண்டாம் ஞாயிறு அம்மா சட்டையை எடுத்து வந்தபோது, “வேணாம்” என்றார்.

அன்று இரவு நான் ஈஜிபுரா திரும்பியதும் அம்மா போன் செய்தாள். “இவரு இத்தையும் வுட்டுட்டாருன்னா அப்புறம் எழுந்திரிக்க மாட்டாருடி.”

அவளேதான் யோசனையும் சொன்னாள். யார்டின் பின்புறம் மழைத்தண்ணீர் நிற்கும் பழைய தொட்டி ஒன்று உண்டு. உடைந்த ஜாலிகளை அதில் போடுவார்கள். கொசுவுக்காக விட்ட குட்டிமீன்கள் எல்லாம் அந்த ஜாலி ஓட்டைகளில்தான் குடியிருந்தன. “மீனு வரலன்னா அதுக்கு வூடு கட்டணும். எனக்குத் தெரிஞ்சது அதான்.”

நான் படித்துப் பார்த்தேன். பல நாடுகளில் செய்கிறார்கள். பக்கெட், கான்கிரீட், பைப். படம் வரைந்தேன். ஏரியைப் பராமரிக்கும் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சரி என்றார்கள், ஆனால் மீன் குத்தகைக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். அவர்தான் சேஷகிரி. அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனம்மா, ஏரிக்குள்ள அபார்ட்மெண்ட் கட்றீங்களா?”

“எங்க வூட்டுக்காரரு ஒக்கார்ற எடத்துல மட்டும் சார். நாலே நாலு.”

“நான் வலை இழுக்கறப்போ மாட்டுச்சின்னா? அறுபது மீட்டர் வலைம்மா.”

“எங்க போட்டிருக்குதுன்னு அடையாளத்துக்கு மெதக்கற டப்பா கட்டிடுறோம். நீங்க வலை போடறதுக்கு முன்னாடி நானே நேர்ல வந்து சொல்லிடுறேன்.”

“ஒரு கண்ணி கிழிஞ்சாலும் எல்லாத்தையும் கரையில தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் பேஜார் பண்ணிக்கக்கூடாது.” பிறகு கொஞ்சம் இறங்கி, “உத்தமண்ணாவா? மூணாம் படில ஒக்காருவாரே, அவரா? போட்டுக்கோங்க” என்றார்.

செப்டம்பரில் முதல் நாலு வார்த்தோம். கலவை என் கணக்கு, கை அவள் கை. மறுநாள் பக்கெட்டிலிருந்து தட்டி எடுத்தபோது அவை பளபளத்தன. “கண்ணாடி மாதிரி இருக்குதா?” என்றாள். இருந்தது. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். எட்டாம் நாள் ஏரிக் காவல்காரர் கோவிந்தப்பா லாரி டியூபின் மேல் பலகை கட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய் இறக்கினார். அம்மா கெஞ்சியதால் அப்பா படியில் வந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்தது. மெல்லப் படி வரைக்கும் வந்தது. அப்பா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

“எண்ணெ” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கெட்டுகளின் உள்பக்கம், வண்டிகளிலிருந்து வடித்த பழைய ஆயிலை அம்மா தடவியிருந்தாள். யார்டில் எந்த அச்சானாலும் முதலில் ஆயில். அப்போதுதான் வார்ப்பு ஒட்டாமல் வழவழவென்று வரும். முப்பத்தேழு வருடமாகக் கை செய்த வேலை, அவள் நினைத்துச் செய்யவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் சோதனைக்கூடத்திலும் தினமும் கட்டி அச்சுக்கு எண்ணெய் பூசுகிறோம். மீனுக்கு வீடு கட்டும்போது தண்ணீரில் எண்ணெய் கலக்கக்கூடாது என்று எட்டாவது படிக்கிற பிள்ளை சொல்லும். எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

நாலையும் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொண்டுவந்தோம். அவை இப்போது மாடியில் துணிக்கொடிக் கம்பங்களுக்கு அடியில் நிற்கின்றன. அதற்கு அவை மிகவும் பொருத்தம்.

நான் உட்கார்ந்து வேறு என்னென்ன தப்பு என்று பார்த்தேன். சுண்ணாம்பு ஒன்று. வழவழப்பு இன்னொன்று. வழவழப்பான பரப்பில் பாசி நிற்காது. முதலாவதைச் சொன்னதும் அம்மா தலையில் தட்டிக்கொண்டாள். “வண்ணமீனு வளக்கறவருக்குத் தொட்டி போட்டோமே! ஒரு மாசம் வாழமட்ட ஊறப்போட்டுல்ல குடுத்தோம். மறந்தே பூட்டேன் பாரு.” இரண்டாவதைச் சொன்னபோது கட்டையின் வழவழப்பைக் கையால் தடவினாள்.

“சொரசொரன்னு போடணுமா?”

“ஆமா. ஜல்லி வெளிய தெரியணும்.”

“யார்டுல அப்படிப் போட்டா முதுகுல நாலு போடுவாங்க.”

அக்டோபரில் மறுபடி நாலு வார்த்தோம். ஆயில் இல்லை. பக்கெட்டுக்குள் காலி சிமெண்ட் பையைக் கசக்கி விரித்து, அதற்குள் கலவையைப் போட்டாள். பை மடிப்புகளெல்லாம் பதிந்து, எடுத்தபோது தேங்காய் நார் மாதிரி இருந்தது. முழுதும் இறுகுவதற்குள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜல்லியை வெளியே கொண்டுவந்தாள். தேய்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து, “இன்னா காந்தா, கை போயிடுச்சா ஒனக்கு?” என்று கேட்டபோது, “பழகறவங்க யாரோ போட்டது” என்று பொய் சொன்னாள். ஆணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “இதுல என் குறி போடமாட்டேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாலு வாரம் ஊறவைத்தோம். விரல் வழுக்காத அன்று தாள் ஏழரை காட்டியது. டிசம்பர் முதல் வாரம், வேலைநாளில் இறக்கினார்கள். நான் அங்கே இல்லை. அம்மா அப்பாவிடம், “எங்க போடணும்னு எனக்குத் தெரியாது. தண்ணிய பாத்தாலே தல சுத்துது. நீ வந்து காட்டலன்னா அப்படியே குப்பைல போட்டுடுவேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் போனார். இடது கையை நீட்டி ஒவ்வோர் இடமாகக் காட்டினார். கோவிந்தப்பா இறக்கினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கயிற்று வளையம் மட்டும், கொக்கி போட்ட மூங்கிலால் தூக்கிப் பார்ப்பதற்காக. அடையாள டப்பாவை வலைக்கு முன்னால் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

டிசம்பர் முழுக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்பா வந்தார், உட்கார்ந்தார். ஜனவரி நடுவில் கோவிந்தப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பைப்பெல்லாம் பச்சை. நத்தைகள். விரல் நீளக் குஞ்சுகள் துள்ளி விழுந்தன.

ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிறு. மிதவை உள்ளே போயிற்று. அப்பா இடது கையால் இழுத்தார். உள்ளங்கை அகல ஜிலேபி மீன். பிடித்துக் கழற்ற வலது கை வேண்டும். அதனால் அம்மா படியிறங்கிப் போய்ப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தண்ணீரில் கால் வைத்தாள். துள்ளிய மீன் அவள் புடவையை நனைத்தது. “ஐயோ, சனியனே, சொல்ப சும்மா இரு” என்று மீனைத் திட்டினாள். அப்பா சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. வந்தது.

அன்று மதியம் அவள் அதை வறுத்து, பாதியை அப்பாவுக்கு வைத்து, பாதியைத் தானே தின்றாள். நான் பார்த்தேன்.

“துருப் புடிக்கும்னு சொன்ன?”

“புடிக்கட்டும். என் வூட்டுல வளந்த மீனு.”

அப்பா, “இன்னும் ரெண்டு” என்றார். மீனைச் சொல்கிறார் என்று நினைத்தோம். மீன் வீட்டைச் சொன்னார். மறுநாளே அம்மா வார்த்தாள். டிரம்மில் இருந்தவை அந்த இரண்டுதான்.

அவள் போன பிறகு வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யார்டுப் பெண்கள் பதினாலு பேர் வந்தார்கள். அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். என்னிடமும் பேசவில்லை. சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டார். நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். பிப்ரவரி பதினேழு சனிக்கிழமை மாடிக்குப் போய்த் தண்ணீரை மாற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இருபத்துநாலாம் தேதி மறுபடி மாற்றினேன். அவள் சொன்ன இரண்டு தண்ணீர் முடிந்தது. தாள் எடுத்துப் போகவில்லை. விரலை நனைத்துத் தேய்த்தேன். வழுக்கவில்லை.

கட்டைகளைக் கழுவத் திருப்பியபோது பார்த்தேன். அத்தனை சொரசொரப்புக்கு நடுவில், உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் கரண்டியால் இழைத்து வழவழப்பாக்கி, அதில் கீறியிருந்தாள். ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. இரண்டிலும்.

பிப்ரவரி இருபத்தெட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். மறுநாள் வியாழன் காலை, காப்பி கொண்டுபோனேன். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“வலை” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னார். “சேஷகிரி. வலை. சனிக்கிழம. டப்பா கட்டல.”

சமையலறைப் பரணில் தேடினேன். அம்மாவின் பையில் நாலு மஞ்சள் டப்பாக்கள் இருந்தன. ஒரு லிட்டர் எண்ணெய் டப்பா. இந்த முறை சோப்பு போட்டு, வெந்நீரில் கழுவி, மூடியை இறுக்கி வைத்திருந்தாள். மோந்து பார்த்தேன், வாசம் இல்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நைலான் கயிறு, பத்தடி. தயாராக இருந்தது. புதன்கிழமை கொண்டுபோக வேண்டியது. செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. அதற்குப் பிறகு பதினாறு நாளும் நான் அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை. நாளை மறுநாள் சேஷகிரியின் வலை படிக்கட்டுப் பக்கம் வரும். நாலும் மாட்டும். அவர் சொன்னபடி கரையில் தூக்கிப் போடுவார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று சொன்னவள் சொல்லவில்லை.

கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தேன். “எங்க எறக்கினீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“படிக்கு நேரா தாம்மா. ஏழடியோ பத்தடியோ… சரியா கொத்தில்ல, தெரியலம்மா. உத்தமண்ணா தான் காமிச்சாரு. அவரு கண்ணு ஸ்கேலு.”

அப்பாவிடம் சட்டையை எடுத்துப்போனேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். இடது கையை முதலில் நீட்டினார். தப்பு. வலது கையை முதலில் நுழைக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியும். இரண்டாவது தடவை சரியாகப் போட்டோம்.

பதினோரு மணிக்கு ஏரி. அப்பா மூன்றாம் படியில் உட்கார்ந்தார். கோவிந்தப்பா டியூபில் ஏறி மூங்கிலோடு நின்றார். அப்பா ஒரு கண்ணை மூடினார். மதகுக் கல்லின் வலது விளிம்பையும் எதிர்க்கரை டிரான்ஸ்பார்மர் கம்பத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்தார். லேத்தில் கருவியை வைக்கும்போது இப்படித்தான் பார்ப்பார். கையை நீட்டினார். இடப்பக்கம். கொஞ்சம். நிறுத்து. கோவிந்தப்பா மூங்கிலை இறக்கினார். முதல் தடவையிலேயே கொக்கி மாட்டியது.

அவர் வளையத்தில் கயிற்றைக் கட்டுவதற்காகக் கட்டையைக் கொஞ்சம் தூக்கினார். அப்படியே நின்றார்.

“மீனு?” என்று கேட்டேன்.

“தும்பா இதாவெ, தும்பா” என்றார். நிறைய இருக்கிறது. பைப்புகளுக்கு நடுவிலிருந்து இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஏதோ திரும்பி மறைந்ததை நானும் பார்த்தேன். கோவிந்தப்பா டப்பாவைக் கட்டினார். கட்டும்போது தலையைத் தூக்காமலே, “அக்கா நோட்பேக்கித்து” என்றார். அக்கா பார்த்திருக்க வேண்டும்.

அப்பா அடுத்த இடத்துக்குக் கையை நீட்டினார்.

நாலும் கட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலு மஞ்சள் டப்பாக்கள், படிக்கு நேரே, சிற்றலையில் ஆடின. என் போனை எடுத்தேன். சேஷகிரியின் எண் அதில் இருந்தது.

அப்பா தலையை ஆட்டினார். “நேர்ல.”

“நான் போயி சொல்லிட்டு வர்றேம்பா. நீ வூட்டுல இரு.”

மறுபடியும் ஆட்டினார்.

ஆட்டோவில் அவர் வெளியே பார்த்தபடி வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முதலில் ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். சத்தத்துக்கு நடுவில் காதைக் கொடுத்துக் கேட்டேன். “நாலு. மஞ்ச. டப்பா. படிக்கு நேரா.” நிறுத்தி, எச்சிலை விழுங்கி, மறுபடி முதலிலிருந்து. “காந்தா. சொல்லச் சொன்னா. நாலு. மஞ்ச. டப்பா.” டப்பா என்ற சொல்லில் நாக்கு ஒவ்வொரு தடவையும் இழுத்தது. அதை மட்டும் தனியாக ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். அப்பா நிறுத்தவில்லை.

சேஷகிரியின் வீட்டு முன் வலை காய்ந்துகொண்டிருந்தது. வாசல்வரை நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன். கதவைத் தட்டக் கையை எடுத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, இடது கையால் தானே தட்டினார்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.